நாற்பதுக்குக் கீழே ஒரு கை

மனசு மிஷின் எங்கள் அலுவலகத்துக்கு வந்த அன்று அதில் முதலில் கை வைத்தவர், அதைக் கொண்டுவந்து பொருத்திய பொறியாளர் பிரணவ்தான். சோதனைக்காக அவர் கண்ணாடித் தட்டில் உள்ளங்கையைப் பதித்தார். நான் மைக்கின் முன்னால் குனிந்து, விதிப்படி சொல்ல வேண்டிய வாக்கியத்தைச் சொன்னேன்.

"தங்கள் மனு மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும்."

திரையில் பதினேழு என்று வந்தது. நூற்றுக்கு.

"மிஷின் சரியாத்தான் வேலை செய்யுது சார்," என்றார் பிரணவ், கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டே.

அது 2041ஆம் வருடம். ஓடைப்பாக்கம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நான் 'அ' பிரிவு உதவியாளர். எங்கள் கட்டடத்தை வெள்ளைக்காரன் குதிரைகளுக்காகக் கட்டினான். வசதி போதவில்லை என்று குதிரைகள் கிளம்பிப் போன பிறகு எங்களுக்குக் கொடுத்தார்கள். பதிவறையில் கோப்புகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கீழ் அடுக்கில் இருந்தவை பாரம் தாங்காமல் நிலக்கரியாக மாறிக்கொண்டிருப்பதாக ஒரு தணிக்கைக் குறிப்பே உண்டு. அப்படிப்பட்ட இடத்தின் நடுவில், வெள்ளை வெளேரென்று, கல்யாணத்துக்கு வந்த வெளியூர் மாப்பிள்ளை மாதிரி நின்றது அந்த மிஷின். அரசாணையில் அதன் பெயர் 'குடிமக்கள் நம்பிக்கை அளவி'. அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் வரிசையில் நிற்பவருக்குப் பசி வந்துவிடும். அதனால் மனசு மிஷின்.

கதை இதுதான். வெளிநாட்டு வங்கி ஒன்று நம் அரசுக்குக் கடன் கொடுக்க முன்வந்தது. உங்கள் நாட்டில் மக்கள் அரசாங்கத்தை நம்புவதில்லை, அதனால்தான் முன்னேற்றம் இல்லை, நம்பிக்கையை அளந்து, கூட்டிக் காட்டுங்கள் என்றது. அளப்பது என்றால் எங்களுக்குக் கைவந்த கலை. நிலத்தை அளந்தவர்கள், மழையை அளந்தவர்கள். மனசையும் ஒரு கை பார்க்கலாம் என்று இறங்கிவிட்டோம்.

கோட்டாட்சியர் திலகராணி மேடத்துக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எதையும் இரண்டு முறை கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். பிரணவைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"இது பொய் கண்டுபிடிக்கிற மிஷினா?"

"இல்ல மேடம். அது பேசுறவங்களுக்கு. இது கேக்குறவங்களுக்கு. நீங்க ஒண்ணு சொல்றீங்க. அதை அவங்க நம்புறாங்களா இல்லையான்னு உள்ளங்கையில தெரிஞ்சிடும். வேர்வை, ரத்த ஓட்டம், விரல் நடுக்கம். வாய் 'சரிங்கய்யா'ன்னு சொல்லிடும். கை சொல்லாது."

"நான் சொல்றது உண்மையா பொய்யான்னு அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது மேடம். அது அதுக்குத் தேவையில்ல."

மேடம் மிஷினின் கையேட்டைப் புரட்டி, 'குறைந்தபட்சம் 40' என்ற இடத்தில் விரல் வைத்தார். "சரி. அந்த நாப்பது எதுக்கு?"

"நாப்பதும் அதுக்கு மேலயும் வந்தா சான்றிதழ் தானா அச்சாகிடும். கீழ வந்தா நின்னுடும். மனுதாரரை 'ஐயத்துக்குரியவர்'னு குறிச்சுக்கும்."

"நம்மள நம்பலைன்னா அவங்க மேல எதுக்குய்யா ஐயம்?"

"போலிப் பேப்பரோட வர்றவனுக்குத்தான் மேடம் ஆபீஸைப் பார்த்தா உள்ளூர உதறும். நேர்மையானவங்க நம்புவாங்க. ஆராய்ச்சி பண்ணித்தான் நாப்பதுன்னு வெச்சிருக்காங்க."

"எந்த ஊர்ல?"

"ஆறு மாசம் பனி பெய்யிற ஒரு நாடு மேடம். மொத்த ஜனமே நம்ம மாவட்டத்துல பாதிதான் இருக்கும். அங்க மனு குடுக்க யாராவது உள்ள வந்தா ஆபீசர் எந்திரிச்சு நிப்பாராம்."

அந்த நேரம் என் கை மிஷினில் இருந்திருந்தால் இரண்டு காட்டியிருக்கும்.

முதல் வாரத்தில் எங்கள் கோட்டம் முழுவதுமே ஐயத்துக்குரியதாகிவிட்டது. இருப்பிடச் சான்று வாங்க வந்த ஓய்வுபெற்ற நீதிபதிக்குப் பன்னிரண்டு. மேடத்தைப் பெற்ற தாய்க்கு முப்பத்தொன்பது. எவருக்கும் எதுவும் அச்சாகவில்லை. சென்னை பதறிப்போய்ச் சுற்றறிக்கை அனுப்பியது: விதிப்படியான வாக்கியம் இனி கட்டாயமில்லை, அலுவலர் தமக்குத் தெரிந்த எளிய சொற்களில் மனுதாரரிடம் பேசலாம்.

அதன் பிறகு நாங்கள் தொழில் கற்றுக்கொண்டோம். "நம்ம வீட்டு வேலை மாதிரி பாத்துத் தரேன்" என்று நான் சொன்னால் ஐம்பத்திரண்டு வரும். மேடத்தின் அறை வாசலில் நிற்கும் தபேதார் நாகூர் மீரான் பக்கத்தில் வந்து, குரலைத் தணித்து, "நானும் மேடத்துகிட்ட சொல்லி வெக்கிறேன்" என்றால் அறுபது தாண்டும். வாசலில் மனு எழுதும் தரகர் குப்புராஜ், வந்தவருக்குப் பின்னால் நின்று ஒருமுறை தொண்டையைச் செருமினால் போதும், எண்பத்தைந்து. ஜனங்கள் யாரை நம்புகிறார்கள் என்பதை அந்த மிஷின் துல்லியமாகத்தான் அளந்தது. அதில் குறை சொல்ல முடியாது.

இப்படி நான்கு மாதம் சுமுகமாக ஓடியது. ஐந்தாம் மாதம், ஒரு புதன்கிழமை காலை, கன்னியம்மா வந்தாள்.

இருளர் குடியிருப்பிலிருந்து வந்திருந்தாள். அரிசி ஆலையில் நெல் அவிக்கிற வேலை. கூடவே மகள் வெண்ணிலா. அந்தப் பெண் பிளஸ் டூ முடித்து, அரசு நர்சிங் கல்லூரியில் பழங்குடியினர் ஒதுக்கீட்டில் இடம் வாங்கியிருந்தாள். அந்தக் குடியிருப்பிலிருந்து கல்லூரிக்குப் போகப்போகிற முதல் ஆள். சாதிச் சான்றிதழை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

மனுவில் ஒரு குறையும் கிடையாது. போன வாரமே மேடம் குடியிருப்புக்கு நேரில் போய் விசாரித்து வந்துவிட்டார். கோப்பில் கையெழுத்தும் ஆகிவிட்டது. பாக்கி இருந்தது கை மட்டும்.

கன்னியம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டில் வைத்தாள். நெல் அவித்து அவித்து உள்ளங்கையில் ரேகையே மிச்சமில்லை. இருந்தும் மிஷின் ஆளை அடையாளம் கண்டுகொண்டது. நான் என் ஐம்பத்திரண்டு மதிப்பெண் வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

"நம்ம வீட்டு வேலை மாதிரி பாத்துத் தரேம்மா."

நான்கு.

"ஏம்மா, எங்க மேல நம்பிக்கை இல்லையா உனக்கு?"

"இருக்குதுங்கய்யா," என்றாள் அவள் பணிவாக.

திரை மூன்றுக்கு இறங்கியது.

வெண்ணிலா தன் கையை வைத்துப் பார்த்தாள். எழுபத்தொன்று. பதினேழு வயதுக்கு அது இயல்புதான். ஆனால் பதினெட்டு ஆக இன்னும் ஐந்து மாதம் இருந்தது. அதுவரை காப்பாளர் கைதான் செல்லும்.

"எம்மா, கொஞ்சம் நம்பேன்மா," என்றாள் மகள்.

"நம்பிக்கினுதான்டி இருக்கறேன்."

விவரம் மேடத்துக்குப் போனது. வெளியே வந்து பார்த்தார். "முதல்ல அவங்களுக்கு ஒரு டீ சொல்லுங்க. பதட்டமா இருக்காங்க," என்றார்.

மீரான் போய் ஏலக்காய் போட்ட டீ வாங்கி வந்தார். கன்னியம்மா வாங்கிக் கையில் வைத்திருந்தாள். குடிக்கவில்லை. மறுபடி கையை வைத்தபோது இரண்டு.

மேடம் அவள் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார். "டீ பிடிக்காதாம்மா?"

"பிடிக்குங்கம்மா. எங்க மாமனாருக்கு இப்படித்தான் ஒருவாட்டி வாங்கிக் குடுத்தாங்க. குடிச்சு முடிச்சாரு. ஒரு பேப்பர நீட்டினாங்க. கை நாட்டு வெச்சாரு. அன்னையிலருந்து நெலம் இல்ல."

"யாரு வாங்கிக் குடுத்தது?"

"இங்கதாம்மா. இதே பெஞ்சு."

மேடம் எழுந்து உள்ளே போனார். மீரான் அந்த டீயை எடுத்துப் போய் வேப்பமரத்தடியில் ஊற்றினார்.

மறுநாள் வியாழன். பெஞ்ச் வேண்டாம், மரியாதையாகச் செய்வோம் என்று மேடத்தின் அறையிலேயே குஷன் நாற்காலி போட்டோம். மிஷினைத் தள்ளிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தோம். அதன் சக்கரங்கள் போட்ட சத்தத்தில் எதிரில் இருந்த பதிவாளர் அலுவலகமே வெளியே வந்து எட்டிப் பார்த்தது. கன்னியம்மா நாற்காலியின் விளிம்பில், விழுந்துவிடுவாள் போல உட்கார்ந்தாள்.

ஒன்று.

"இப்ப என்னம்மா ஆச்சு?" என்றேன். எனக்கே கொஞ்சம் எரிச்சல்.

"ஒண்ணும் இல்லைங்கய்யா. மூணு வருசம் முன்ன மண்டபத்துல விழா வெச்சு, எங்க எல்லாரையும் சேர்ல உக்கார வெச்சாங்க. ஆளுக்கு ஒரு சான்று குடுத்தாங்க. போட்டோ எடுத்தாங்க. எடுத்து முடிச்சதும் அதெல்லாம் மாதிரிக்கு அடிச்சதுன்னு திருப்பி வாங்கிக்கினாங்க. போட்டோ பேப்பர்ல வந்திச்சு."

"சான்று?"

"அது வரலை. வுட்டுட்டுப் போன சேருங்கள வெச்சு எங்க புள்ளைங்க நாலு நாள் வெளையாடிச்சிங்க."

மேடம் பதிவறையிலிருந்து அந்தக் குடும்பத்தின் பழைய கோப்பைக் கொண்டுவரச் சொன்னார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் கன்னியம்மாவின் அப்பா கொடுத்த மனு அது. அதிலிருந்த குறிப்பை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார்.

"'மனுதாரர் தாம் இருளர் எனக் கூறுவதால், அதனை மெய்ப்பிக்கும் பொருட்டுப் பாம்பு பிடித்துக் காட்டுமாறு அறிவுறுத்தப்பட்டது. மனுதாரர் இவ்வலுவலகப் பதிவறையிலிருந்தே இரண்டு பாம்புகளைப் பிடித்துக் காட்டினார். எனினும், மேற்படி பாம்புகளைக் கோப்பில் இணைக்க விதிகளில் வழியில்லாததால், போதிய ஆதாரமின்மை காரணமாக மனு தள்ளுபடி செய்யப்படுகிறது.'"

கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. என்னுடையதுதான். அப்போது நான் இளநிலை உதவியாளர்.

மேடம் கோப்பை மூடாமல் என்னைப் பார்த்தார். "பதிவறையில பாம்பு இருந்துச்சா?"

"ஏழு இருந்துச்சு மேடம். அவரு ரெண்டுதான் பிடிச்சாரு."

"மீதி அஞ்சு?"

"நிலுவையில இருக்கு மேடம்."

கன்னியம்மா என்னைப் பார்க்கவில்லை. அவள் கை இன்னும் தட்டில்தான் இருந்தது. திரையில் பூஜ்யம்.

பூஜ்யம் வந்ததும் சென்னையிலிருந்து தானாக ஒரு எச்சரிக்கை வந்தது. மாநிலத்தில் அதுவரை எவருக்கும் பூஜ்யம் வந்ததில்லையாம். ஒரு கொலைக் கைதி பரோல் சான்றுக்கு வந்தபோதுகூட ஒன்பது காட்டியதாம். மேடம் இயக்குநரகத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், ஆவணமெல்லாம் சரியா இருக்கு. நான் நேர்ல விசாரிச்சிருக்கேன். மிஷினைத் தாண்டி அச்சடிக்க ஒரு வழி சொல்லுங்க."

"அந்த வசதி ரெண்டாவது பதிப்புல வருதும்மா."

"கையால எழுதிக் குடுத்துடறேன் சார்."

"கையால எழுதினது செல்லாதுன்னு நாலு வருசம் முன்னாடியே ஆணை போட்டாச்சே. அந்த அம்மாவைக் கொஞ்சம் நம்பச் சொல்லுங்களேன்."

"அந்தப் பொண்ணோட படிப்பு சார். நாளைக்கு அஞ்சு மணி."

"கவலைப்படாதீங்க. மேலிடத்துல பேசி உடனே ஏற்பாடு பண்றேன்."

மேடம் அசதியில் மேசைமேல் சாய்வதாக நினைத்து மிஷினின் கண்ணாடித் தட்டில் கை ஊன்றியிருந்தார். திரை ஆறு என்றது.

வெள்ளிக்கிழமை. மிஷினை மறுபடி வெளியே பெஞ்சுப் பக்கமே தள்ளி வைத்திருந்தோம். ஒன்பது மணிக்கே தாயும் மகளும் வந்துவிட்டார்கள். ஆலையில் மூன்று நாள் கூலி போயிருந்தது. நாளையும் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று மேஸ்திரி சொல்லியிருந்தாராம். நாங்கள் சும்மா இருக்கவில்லை. தரகர் குப்புராஜை வரவழைத்து அவள் பின்னால் நிறுத்தினோம். செருமினார். பூஜ்யம். இருமினார். பூஜ்யம். தன் வாழ்நாளில் அப்படி ஓர் அவமானத்தைக் கண்டதில்லை என்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மீரான் தன் பேத்தி மேல் சத்தியம் செய்தார். பூஜ்யம். நான் மன்னிப்புக் கேட்டேன். முப்பத்தொரு வருட சர்வீஸில் முதல் முறை. அது எங்கள் வழக்கத்தில் இல்லாத செயல் என்பதால் சரியாக வரவில்லை, 'வருந்துகிறேன்' என்று கோப்பு நடையில் வந்துவிட்டது.

"பரவால்லைங்கய்யா," என்றாள் கன்னியம்மா.

பூஜ்யம்.

மணி நான்கு தாண்டியது. வெண்ணிலா பெஞ்சின் கோடியில் உட்கார்ந்திருந்தாள். அதுவரை அதட்டிக்கூடப் பேசாத பெண், எழுந்து வந்து அம்மாவின் எதிரில் நின்றாள்.

"நீ நம்பாததாலதான்மா எனக்குப் போவுது. வேற எந்தக் காரணமும் இல்ல. எல்லாரும் நல்லாத்தான பேசுறாங்க. நீதான்."

"நான் இன்னாடி பண்ணட்டும். நானும் ராத்திரி பூரா சொல்லிப் பாத்துட்டேன். உள்ள எறங்க மாட்டேங்குது."

"எப்படித்தான் எறங்கும்?"

கன்னியம்மா தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, அடுத்த வீட்டுப் பிள்ளை தப்புச் செய்ததைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். நானும் பல மனுதாரர்களைப் பார்த்திருக்கிறேன். அலுவலகத்தைத் திட்டுபவர்கள் உண்டு, அரசாங்கத்தைத் திட்டுபவர்கள் உண்டு. தன் கையையே குற்றவாளியாகப் பார்த்தவளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நான்கு நாற்பதுக்கு மேடம் அறையை விட்டு வெளியே வந்தார். "கடைசியா ஒருவாட்டி வைங்க," என்றார்.

கன்னியம்மா வைத்தாள். மேடம் மைக்கின் எதிரில் நின்று வாயைத் திறந்தார். என்ன நல்ல வார்த்தை சொல்லப் போகிறார் என்று நாங்கள் ஏழு பேரும் காத்திருந்தோம். அவர் மைக்கைத் தள்ளிவிட்டு, அவளுக்கு நேர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கன்னியம்மா, உங்ககிட்ட மறைக்க ஒண்ணும் இல்ல. இது நடக்காது. நான் கையெழுத்துப் போட்டாச்சு. சென்னைக்குப் பதினோரு தடவை பேசிட்டேன். யாரும் எதுவும் பண்ணப் போறதில்ல. அஞ்சு மணிக்கு உங்க பொண்ணு சீட்டு போயிடும். உங்க மேல ஒரு தப்பும் கிடையாது. இந்த ஆபீஸ் உங்க குடும்பத்துக்கு எல்லாத்தையும் பண்ணிட்டு, இப்ப ஏன் நம்பலைன்னு உங்களையே தண்டிக்குது. என்னால உங்களுக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

"ஆமாங்கம்மா," என்றாள் கன்னியம்மா. மூன்று நாளில் முதல் முறையாக அவள் தோள் இறங்கியது. மூச்சு நிதானமாக வந்தது. "அதத்தான் நானும் வந்ததுலருந்து நெனைச்சிக்கினு இருக்கறேன்."

மீரான்தான் முதலில் பார்த்தார். என் முழங்கையைப் பிடித்துத் திருப்பினார்.

தொண்ணூற்றொன்பது.

மிஷினுக்கு அந்த எண் இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. உள்ளே மின்விசிறி இரைந்தது. அச்சுப்பொறி மூன்று நாள் பட்டினி கிடந்தது போலக் காகிதத்தை இழுத்தது. அரசு முத்திரை, பெயர், இனம், மேடத்தின் கையெழுத்து. சான்றிதழ் சூடாக வந்து தட்டில் விழுந்தது.

தள்ளிவிட்டாலும் மைக்குக்குக் காது இருந்திருக்கிறது. மேடம் சொன்னது உண்மையா பொய்யா என்பது மிஷினுக்குத் தேவையில்லை. எதிரில் இருப்பவள் நம்பினாளா என்பதுதான் கணக்கு. நம்பினாள். அந்த அலுவலகத்தில் யாரோ சொன்ன ஒன்றைக் கன்னியம்மா நம்பியது அதுவே முதல் தடவை.

நான் காகிதத்தை எடுத்து நீட்டினேன். கன்னியம்மா வாங்கிக்கொள்ளவில்லை.

"இது மாதிரிக்குங்களா?"

"இல்லம்மா. அசல்."

"திருப்பி வாங்கிக்குவீங்களா?"

"மாட்டோம்."

வாங்கி மகள் கையில் திணித்தாள். "ஓடுடி," என்றாள். நன்றி, கும்பிடு எதுவும் இல்லை. நாங்கள் மனசு மாறுவதற்குள் அது காம்பவுண்டைத் தாண்டிவிட வேண்டும் என்பதுதான் அவள் முகத்தில் இருந்தது. வெண்ணிலா எதிர்ப்புறக் கணினி மையத்துக்கு ஓடினாள். நான்கு ஐம்பத்தாறுக்கு ஏற்றிவிட்டாள். அந்த ஆகஸ்டில் கல்லூரியில் சேர்ந்தாள். அந்தச் செய்தியை உறுதிசெய்ய மீரான் கல்லூரி வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

கன்னியம்மா அவள் பின்னாலேயே போகப் பார்த்தாள். ஆனால் விதி ஒன்று உண்டு. சேவை பெற்ற மனுதாரர் வெளியேறுமுன் மறுபடி ஒருமுறை கை வைக்க வேண்டும். மிஷினே இனிமையான பெண் குரலில் கேட்கும்.

"அலுவலர் தங்களிடம் கூறியதைத் தாங்கள் நம்புகிறீர்களா?"

அவள் கை வைத்தாள். பூஜ்யம்.

படியிறங்கும்போது மீரானிடம் சொல்லிக்கொண்டு போனாள். கோபமெல்லாம் இல்லை, கூலியைக் குறைத்துக் கொடுத்தால் சொல்வது போலச் சாதாரணமாக. "அந்தம்மா நேரா மூஞ்சியப் பாத்து நடக்காதுன்னுச்சு. நானும் நம்பிட்டேன். கடசீல இதுவும் பொய்யாப் போச்சு."

மேடம் கெட்டிக்காரர். திங்கட்கிழமை காலையே குடியிருப்பில் சான்று இல்லாத மற்றவர்களை ஒவ்வொருவராக வரவழைத்தார். மொத்தம் நாற்பது குடும்பம். போனால் கிடைக்கும் என்று கன்னியம்மா எல்லாரிடமும் சொல்லிப் பார்த்திருக்கிறாள். அவள் பேச்சை யாரும் நம்பவில்லை, மகளுக்குச் சீட்டு கிடைத்ததில் புத்தி பேதலித்துவிட்டது என்றார்களாம். அது எங்களுக்கு வசதியாகப் போனது. கை வைப்பார்கள். மேடம் முகத்தை நேராகப் பார்த்து, "உங்களுக்குச் சான்று கிடைக்காது," என்பார். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றேழு என்று வரும். அச்சாகும். வெளியேறும்போது கை வைப்பார்கள். பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். எட்டு வேலை நாளில் முப்பத்தொரு குடும்பம். நான் மை ஊற்றி ஊற்றிக் களைத்துப்போனேன். நூறு வருடத்தில் எங்கள் அலுவலகம் கொடுத்த பழங்குடிச் சான்றுகளை எல்லாம் கூட்டினாலும் அதில் பாதி வராது.

ஒன்பதாம் நாள் சென்னையிலிருந்து குறிப்பாணை வந்தது. தொடர்ந்து முப்பத்தொரு மனுதாரர்களிடம் மாநிலத்திலேயே மிக உயர்ந்த நம்பிக்கையைப் பெற்று, சில நிமிடங்களில் அதை முழுவதுமாக இழந்திருக்கிறீர்கள். மக்கள் நம்பிக்கைக்கு ஊறு விளைவித்தமைக்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தருக.

நான் மூன்று பக்கத்துக்கு விளக்கம் தயாரித்துக்கொண்டு போனேன். அதில் மின்தடை, வானிலை, மனுதாரர்களின் கல்வியறிவு எல்லாம் இருந்தன. மேடம் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். பேனாவை எடுத்துத் தானே எழுதினார்.

"மேற்படி முப்பத்தொரு மனுதாரர்களிடமும் தங்களுக்குச் சான்று கிடைக்காது என நான் நேரில் உறுதியளித்தேன். அவர்கள் என்னை முழுமையாக நம்பினார்கள். அந்த உறுதியை என்னால் காப்பாற்ற இயலவில்லை. வருந்துகிறேன்."

பதினைந்து நாளில் பதில் வந்தது. விளக்கம் ஏற்கப்பட்டது. அலுவலர்கள் எவரும் இனித் தம்மால் நிறைவேற்ற இயலாத உறுதிமொழிகளைப் பொதுமக்களுக்கு அளிக்கக் கூடாது. குறிப்பாக, கிடைக்காது, நடக்காது, இயலாது ஆகியவற்றைச் சொன்னபின் அவை கிடைத்தாலோ நடந்தாலோ, சொன்ன அலுவலரே முழுப் பொறுப்பு. ஊதிய உயர்வு நிறுத்தப்படும். நகல் அனைத்துக் கோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டது. மேடத்தை அதே வாரத்தில் அருங்காட்சியகத் துறைக்கு மாற்றினார்கள்.

பாக்கி ஒன்பது குடும்பம். அடுத்த மாதம் கன்னியம்மாவின் தம்பி ஏழுமலை வந்தான். மகனுக்கு விடுதியில் இடம் கிடைத்திருந்தது, சான்று வேண்டும். மேடம் போவதற்கு முன்பே விசாரணை முடித்துக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்த மனு. புதுக் கோட்டாட்சியர் விடுப்பில் இருந்ததால் மிஷினில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அவன் கையை வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தான்.

"கிடைக்குங்களாய்யா?"

ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை சொன்னால் அச்சாகிவிடும். எனக்கும் தெரியும், பக்கத்தில் நின்ற மீரானுக்கும் தெரியும். எனக்கு ஓய்வுபெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது.

"ஆகட்டும்ப்பா, பார்க்கலாம்," என்றேன்.

திரை மூன்று காட்டியது. அவன் கும்பிட்டுவிட்டுப் போனான்.

நடக்காது என்று சொல்லியிருக்கலாம்தான். நடந்துவிட்டால் யார் விளக்கம் எழுதுவது?